எங்கே அமுக்குவது என்று கேட்பதற்கும் கூலி உண்டு: இணையதளச் சோதனை வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மதுரை செல்லூரில் என் ஜெராக்ஸ் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் நகல் எடுக்க வருபவர்கள். மீதிப் பேர் கம்ப்யூட்டரில் ஏதாவது செய்து தரச் சொல்லி வருகிறார்கள். ரயில் டிக்கெட், கரண்ட் பில், தேர்வு விண்ணப்பம், கல்லூரிக் கட்டணம் என்று எதுவாகவும் இருக்கும். எல்லார் கையிலும் போன் இருக்கிறது. வீட்டில் முயன்று பார்த்து, பாதியில் நின்றுபோன பிறகுதான் கடைக்கு வருகிறார்கள். வந்ததும் போனை நீட்டிக் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, இதுல எங்க அமுக்குறது?"

அந்தக் கேள்வியைக் காது கொடுத்துக் கேட்பதற்காகவே பணம் கொடுக்கும் நிறுவனங்கள் வெளிநாட்டில் இருக்கின்றன என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. தெரிந்த பிறகு ராத்திரி கடையை அடைத்துவிட்டு அந்த வேலையைச் செய்ய ஆரம்பித்தேன். தெருவில் நாலைந்து பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் சறுக்கிய இடங்களையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என்ன வேலை இது

ஒரு இணையதளத்தைக் கட்டியவர்களுக்கு அது குடியிருக்கும் வீடு மாதிரி. இருட்டிலும் கை சரியாக சுவிட்சுக்குப் போய்விடும். முதல்முறை வருகிற விருந்தாளி சுவரைத் தடவுவார். அவர் எங்கே தடவுகிறார், எங்கே முட்டிக்கொள்கிறார் என்று வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டும். அதற்காக ஒரு விருந்தாளியை உட்கார வைத்து, "இந்தத் தளத்தில் ஒரு ஓட்டல் அறை பதிவு செய்து பாருங்கள், செய்யும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். ஸ்கிரீனும் குரலும் பதிவாகும். பிறகு அந்த வீடியோவைப் பார்த்துத் தளத்தைத் திருத்துவார்கள். இதைத்தான் யூசபிலிட்டி டெஸ்டிங் என்கிறார்கள். பயன்பாட்டுச் சோதனை என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு கோடிங் தெரிய வேண்டாம். டிசைன் படித்திருக்க வேண்டாம். படித்தவர்களைச் சில சோதனைகளில் சேர்ப்பதே இல்லை, அவர்கள் சாதாரண ஆள் மாதிரி தடுமாற மாட்டார்கள் என்பதால்.

இந்தத் துறையில் பெரிய பெயர் ஜேக்கப் நீல்சன், டென்மார்க்கில் பிறந்தவர். அவரும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அதை வைத்து 2000-இல் நீல்சன் எழுதியது: ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே ஒரு தளத்திலுள்ள சிக்கல்களில் ஏறக்குறைய 85 சதவீதம் வெளியே வந்துவிடும். புதிதாக வருபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சோதனைக்கு ஐந்து பேர், பத்து பேர் போதும் என்றால் இடங்களும் அவ்வளவுதான். காத்திருப்பவர்களோ உலகம் முழுக்க இருக்கிறார்கள். பத்துச் சோதனைக்குக் கை தூக்கினால் ஒன்றோ இரண்டோ கிடைப்பது ஏன் என்று அப்போது புரியும், மனசும் உடையாது.

பதிவு செய்வதற்கு முன்னால், பேசிப் பழகுங்கள்

எல்லாரும் இதைத் தாண்டிக் குதித்து நேராகச் சோதனை வேலை தரும் தளத்தில் போய்ப் பதிவு செய்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். சேரும்போது வைத்த மாதிரிச் சோதனையில் ஒரு தளத்தில் தேறவில்லை. காரணம் எழுதியிருந்தார்கள்: அதிக நேரம் பேசாமல் இருந்தீர்கள். அந்த வீடியோவைத் திரும்ப நினைத்துப் பார்த்தால் உண்மைதான். ஒரு பட்டனைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வாய் திறக்கவில்லை. தெரியாததை வெளியே காட்டக்கூடாது என்று பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குப் பழக்கி வைத்திருக்கிறார்கள். வாத்தியார் கேட்டால் தெரிந்தவன் கை தூக்குவான், தெரியாதவன் குனிந்துகொள்வான். இந்த வேலைக்கு அது நேர் எதிர். தெரியாத அந்த நிமிடத்துக்குத்தான் கூலி. அப்போது குனிந்துகொண்டால் அவர்களுக்குக் கிடைப்பது சத்தமில்லாத ஒரு வீடியோ மட்டும்.

வாய்விட்டு யோசிக்கும் இந்த முறையை ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த கிளேட்டன் லூயிஸ் 1982-இல் எழுதி வைத்தார். அன்றிலிருந்து இந்தத் துறையின் அடிப்படைக் கருவி இதுதான்.

பழகுவது எளிது. இதுவரை நீங்கள் போகாத ஒரு தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மியூசியத்தின் தளம், வேறு மாநிலத்துப் பேருந்துத் தளம், எதுவானாலும் சரி. போனில் ஸ்கிரீன் ரெக்கார்டரை மைக்கோடு ஓட விட்டு, உங்களுக்கு நீங்களே ஒரு வேலை கொடுங்கள்: "ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா, நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும்." பத்து நிமிடம் பேசிக்கொண்டே செய்யுங்கள். பிறகு கேட்டுப் பாருங்கள்.

முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான் வரும்: "ம்... இது நல்லா இருக்கு. கலர் நல்லா இருக்கு. இங்க கிளிக் பண்றேன். ஓகே. ஈசியா இருக்கு." இதில் கம்பெனிக்கு உதவுகிற வார்த்தை ஒன்றுகூட இல்லை.

இப்படி மாற்றிப் பாருங்கள்: "கட்டணம் தெரியணும். மேலே நாலு தலைப்பு இருக்கு. 'வருகை' என்பதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அமுக்குகிறேன். இல்லை, இங்கே வழி மட்டும்தான் போட்டிருக்கிறது. கீழே வரைக்கும் போய்ப் பார்க்கிறேன். இங்கேயும் இல்லை. இப்போது எனக்குச் சந்தேகம், கட்டணமே கிடையாதா, அல்லது நான் தவறான பக்கத்தில் இருக்கிறேனா? வீட்டில் இருந்திருந்தால் இந்த நேரத்துக்கு விட்டுவிட்டு நேரில் போய்க் கேட்டிருப்பேன்."

வித்தியாசம் தெரிகிறதா? என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், என்ன வந்தது, அது எப்படி இருந்தது. இந்த நாலும் வரிசையாக வந்துகொண்டே இருந்தால் போதும். கடைசி வரியை மட்டும் மறக்காதீர்கள். எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போயிருப்பீர்கள் என்று சொல்கிற சோதனையாளரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

இதை ஐந்தாறு நாள் தமிழில் செய்யுங்கள். அப்புறம் அதையே ஆங்கிலத்தில். பெரும்பாலான சோதனைகள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன, தமிழில் கேட்பது அபூர்வம். நம் உச்சரிப்பைப் பற்றிக் கூச்சப்பட வேண்டாம். உலகத்தில் எல்லா ஊர்க்காரர்களும் அவரவர் ஊர் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். அவசரப்படாமல், வாக்கியத்தை முழுதாக முடித்துப் பேசினால் போதும். "நான் எதிர்பார்த்தது இது", "இந்தச் சொல் எனக்குப் புரியவில்லை", "அடுத்து எங்கே போவது என்று தெரியவில்லை" போன்ற பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களை ஆங்கிலத்தில் நாக்குக்குப் பழக்கிக்கொண்டால் முக்கால்வாசிச் சோதனை ஓடிவிடும். ஆங்கிலத்தில் பேச நிஜமாகவே கஷ்டம் என்றால் இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போங்கள், உள்ளூரிலேயே செய்யக்கூடிய வேலை அங்கே இருக்கிறது.

கருவியும் இடமும்

ஒரு லேப்டாப், மைக் உள்ள ஹெட்செட், இடையில் அறுந்து போகாத இணைய இணைப்பு. 20 நிமிட வீடியோவை மேலே ஏற்ற வேண்டியிருப்பதால் அப்லோடு வேகத்தைப் பாருங்கள், டவுன்லோடு வேகத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். லேப்டாப் இல்லாதவர்கள் போனை வைத்தும் தொடங்கலாம். போன் செயலிகளுக்கும் போன் வழி இணையதளங்களுக்கும் தனியாகச் சோதனைகள் வருகின்றன. ஆனால் கம்ப்யூட்டர், போன் இரண்டும் இருப்பவருக்கு வாய்ப்பு கூடுதல்.

இடம்தான் நம் ஊரில் பெரிய சிக்கல். செல்லூரில் எங்கள் பக்கத்து வீட்டில் தறி ஓடும். பகலில் மைக் பக்கம் போகவே முடியாது. உங்கள் தெருவில் தறி இல்லை என்றால் குக்கர், கறிக்கடை ஸ்பீக்கர், ஆடி மாதத்தில் கூழ் ஊற்றும் கோயிலின் குழாய் என்று ஏதாவது ஒன்று இருக்கும். சித்திரைத் திருவிழா நாட்களில் வைகைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் வேலையை ஒதுக்கி வைத்துவிடுவதே நல்லது. சத்தம் கேட்கும் பதிவுக்குக் கம்பெனி போடும் மதிப்பெண் குறையும், சில நேரம் பணமே நிற்கும்.

புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்ச் செய்யலாமா என்று ஒரு தம்பி கேட்டான். படிக்க அருமையான இடம். ஆனால் இது வாய்விட்டுப் பேசும் வேலை, நூலகத்துக்கு ஆகாது.

நல்ல செய்தி, நேரம் நமக்குச் சாதகம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. ஆகவே இரவு ஏழிலிருந்து பன்னிரண்டு வரை சோதனைகள் அதிகம் வருகின்றன, தறியும் ஓய்ந்திருக்கும். லண்டன் வேலைநேரம் நமக்கு மதியம் தொடங்குகிறது. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மதியம் ஓய்வாக இருக்கும் அம்மாக்களுக்கு அது தோது.

கரண்டுக்கு ஒரு சொல். மாதாந்திரப் பராமரிப்புக்காக உங்கள் துணைமின் நிலையத்தில் மின்தடை அறிவிப்பார்கள். முந்தின நாள் பேப்பரில் பார்த்துவிட்டு, எதிரே ஒருவர் இருந்து கேள்வி கேட்கும் நேரலைப் பேட்டி எதையும் அந்த நாளில் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ரௌட்டரையும் அதில் சேர்த்து மாட்டிவிடுங்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும்போது ரௌட்டர் அணைந்துபோய்ச் சோதனையை இழந்த பிள்ளைகள் உண்டு.

பணம் வரும் வழியை முதலிலேயே போட்டு வையுங்கள்

பெரும்பாலான தளங்கள் பேபால் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவை வழியாகத்தான் பணம் அனுப்புகின்றன. இந்தியாவுக்குள்ளேயே பணம் செலுத்தும் சேவையை பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் பணம் தடையில்லாமல் வருகிறது. கணக்குத் திறக்க பான் கார்டும் வங்கிக் கணக்கும் வேண்டும். எதற்காக வரும் பணம் என்று ஒரு நோக்கக் குறியீட்டையும் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பட்டியலை நிதானமாகப் படித்து, செய்யும் வேலைக்குப் பொருந்துவதை எடுங்கள். வந்த பணத்தை பேபாலிலேயே சேர்த்து வைக்க முடியாது, தானாக வங்கிக் கணக்குக்குப் போய்விடும்.

இங்கே நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் "மு. செல்வி" என்று இருக்கும். பான் கார்டில் அப்பா பெயர் விரிவாக "செல்வி முத்தையா" என்று இருக்கும். வங்கிப் புத்தகத்தில் "எம் செல்வி". மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பேபாலில் பான் கார்டில் உள்ளபடியே பெயரைப் போடுங்கள். சோதனைத் தளத்திலும் அதே பெயர். வங்கியில் வேறு மாதிரி இருந்தால் முதல் சோதனை செய்வதற்கு முன்பே கிளைக்குப் போய்ச் சரிசெய்துவிடுங்கள். பணம் வந்து தொங்கிக்கொண்டிருக்கும்போது ஓடுவது பெரும் அலைச்சல்.

இந்த வருமானமும் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டியதுதான். வந்த தொகை, தேதி, டாலர் மதிப்பு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள், வருடக் கடைசியில் ஆடிட்டரிடம் கொடுக்கலாம்.

எங்கே பதிவு செய்வது

யூசர்டெஸ்டிங் என்பது இந்தத் துறையில் பழைய, பெரிய பெயர், 2007-இல் தொடங்கியது. நெடுங்காலம் அங்கே 20 நிமிடப் பதிவுச் சோதனைக்கு 10 டாலர் என்பது வழக்கமான கூலியாக இருந்தது. யூசர்லிட்டிக்ஸ், யூசர்ஃபீல், யூசர்பிரெய்ன், டிரைமேட்டா ஆகியவையும் இதே வேலையைத் தருபவை. ஒன்றில் மட்டும் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், மூன்று நான்கில் போட்டு வையுங்கள். ஒன்றில் வாரக்கணக்கில் ஒன்றும் வராது, இன்னொன்றில் ஒரே நாளில் இரண்டு வரும்.

சேரும்போது மாதிரிச் சோதனை ஒன்று வைப்பார்கள். அதை நிஜச் சோதனை போலவே பாவியுங்கள், மறுபடி வாய்ப்புக் கொடுக்காத இடங்களும் உண்டு. பிறகு உங்களைப் பற்றிக் கேட்பார்கள்: வயது, வேலை, படிப்பு, என்ன போன், என்னென்ன செயலிகள். உண்மையை எழுதுங்கள். "இல்லத்தரசி", "ஜெராக்ஸ் கடை", "பூ வியாபாரம்" என்று போட்டால் ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து "மேனேஜர்" என்று போட்ட ஒரு பையனைத் தெரியும். அடுத்த வாரம் மேனேஜர்களுக்கான சோதனை வந்தது, பத்துப் பேருக்குச் சம்பளப் பட்டியல் போடும் மென்பொருள். ஐந்து நிமிடத்தில் அவன் பேச்சிலேயே தெரிந்துவிட்டது. கணக்கு முடக்கப்பட்டது.

அதே காரணத்தால் வேறு நாட்டில் இருப்பது போலக் காட்டும் விபிஎன் வேண்டாம். ஒருவரே இரண்டு கணக்கு வைப்பதும் வேண்டாம். பதில்களை ஏஐ-யிடம் எழுதி வாங்கி ஒட்டுவதும் வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது நீங்கள் தடுமாறிய தடுமாற்றம், அதை வேறு யாரும் எழுதித் தர முடியாது.

தகுதிக் கேள்விகள்

ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் இரண்டு மூன்று கேள்விகள் வரும். "கடந்த ஆறு மாதத்தில் விமானத்தில் பயணம் செய்தீர்களா?" "வீட்டில் நாய் வளர்க்கிறீர்களா?" அவர்கள் தேடும் ஆள் நீங்கள் இல்லை என்றால் உடனே வெளியே அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பணம் கிடையாது. தினம் பத்து முறை நடக்கும். ஆரம்பத்தில் இதைத்தான் அவமானமாக எடுத்துக்கொண்டு விலகிவிடுகிறார்கள். நாயில்லாத வீட்டுக்கு நாய் தீனித் தளம் எதற்கு, அவ்வளவுதான்.

தளத்தின் பக்கத்தைத் திறந்தே வைத்திருங்கள். புதிது வந்ததும் முதல் சில நிமிடங்களில் பதில் சொல்பவர்களுக்கே இடம்.

சோதனை ஓடும்போது

ஆரம்பிக்கும் முன் வாட்ஸ்அப் வெப், மெயில், நோட்டிபிகேஷன் எல்லாவற்றையும் மூடுங்கள். உங்கள் ஸ்கிரீன் பதிவாகிறது, வீட்டுச் சங்கதி அதில் போகக்கூடாது. கொடுக்கப்பட்ட சூழ்நிலையைச் சத்தமாகப் படியுங்கள், பிறகு வேலையைத் தொடங்குங்கள். ஒரு வேலையை முடிக்க முடியவில்லை என்றால் அது உங்கள் தோல்வி இல்லை. உண்மையாக முயன்று, எங்கே நின்றுபோனது என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சிறந்த மதிப்பெண் வாங்கிய என் பதிவுகளில் சில, நான் வேலையை முடிக்கவே முடியாதவை.

கார்டு எண், ஓடிபி, ஆதார் எண் எதையும் சோதனைக்குள் நிஜமாகப் போடாதீர்கள். பணம் கட்டும் பக்கம் வந்தால் எங்கே நிறுத்த வேண்டும் என்று குறிப்பிலேயே இருக்கும், இல்லையென்றால் "இங்கே நிறுத்துகிறேன்" என்று சொல்லி நிறுத்துங்கள். பார்ப்பது பெரும்பாலும் இன்னும் வெளிவராத தளமாக இருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பருக்கு அனுப்பினால் ஒப்பந்த மீறல்.

கடைசியில் நீங்கள் தளத்துக்கு மதிப்பெண் போடும் கேள்விகள் வரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய பத்துக் கேள்விப் படிவம் ஒன்று இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அதில் ஒரு கேள்வி தளத்தைப் பாராட்டும், அடுத்தது குறை சொல்லும், மாறி மாறி வரும். "பயன்படுத்த எளிது" என்பதற்கு முழுக்க ஒப்புக்கொள்கிறேன் என்று 5 போட்ட கையோடு "தேவையில்லாமல் சிக்கலானது" என்பதற்கும் 5 போட்டால், படிக்காமல் அமுக்கியிருக்கிறார் என்று தெரிந்துவிடும். ஒவ்வொன்றையும் நிறுத்திப் படியுங்கள்.

சில நேரம் பாதி மட்டும் வேலை செய்யும் மாதிரித் தளத்தைக் கொடுப்பார்கள். எங்கே அமுக்கினாலும் ஒன்றும் ஆகாது. "இதை அமுக்கினேன், திறக்கவில்லை, திறந்திருந்தால் இன்னது வரும் என்று நினைத்தேன்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். சீட்டுகளைக் குவியல் குவியலாகப் பிரிக்கச் சொல்லும் சோதனையும் உண்டு, எந்தப் பொருளை எந்தத் தலைப்பின் கீழ் தேடுவோம் என்று தெரிந்துகொள்ள. இவற்றுக்குக் கூலி குறைவு, நேரமும் குறைவு. நேரலைப் பேட்டிகளில் எதிரே ஒருவர் இருந்து கேள்வி கேட்பார். கூலி அதிகம், நேரம் தவறக்கூடாது.

நம் ஊர்க்காரரிடம் இருக்கும் சரக்கு

அமெரிக்காவில் இருப்பவருக்குத் தெரியாத தடுமாற்றம் நமக்குத் தெரியும், அதைத் தயங்காமல் சொல்லுங்கள். படிவத்தில் "கடைசிப் பெயர் கட்டாயம்" என்று இருக்கும். நம்மில் பலருக்குக் கடைசிப் பெயரே கிடையாது, ஒரு பெயரும் ஓர் எழுத்தும்தான். ஓர் எழுத்தைப் போட்டால் "குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்" என்று சிவப்பில் திட்டும். சிலர் அப்பா பெயரைப் போடுவார்கள், சிலர் ஊர்ப் பெயரை, சிலர் தன் பெயரையே இரண்டு முறை. விமான டிக்கெட்டில் இதுவே பெரிய வில்லங்கமாகும். இதைச் சோதனையில் கண்டால் இரண்டு நிமிடம் நின்று விளக்குங்கள்.

முகவரியும் அப்படித்தான். நம் முகவரியில் பழைய கதவு எண், புதிய கதவு எண், குறுக்குத் தெரு, "பிள்ளையார் கோயில் எதிரில்" எல்லாம் உண்டு. கொடுத்திருக்கும் இரண்டு வரிப் பெட்டியில் எதை எங்கே போடுவது? என் கடையில் தினமும் பார்க்கும் கூத்து இது. அந்த அனுபவத்தை அப்படியே எடுத்துச் சொன்ன பதிவுக்குத்தான் எனக்கு முதன்முதலில் ஐந்து நட்சத்திரம் கிடைத்தது.

எவ்வளவு வரும்

ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 10 டாலர் சோதனைக்கு 850. பேபால் கட்டணமும் டாலரை ரூபாயாக மாற்றும்போது பிடிக்கும் வித்தியாசமும் போக, கையில் 750-க்குப் பக்கத்தில் நிற்கும். சோதனை முடித்து ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் வரும்.

மாதம் எத்தனை கிடைக்கும் என்றால், அது சீராக வராது. எனக்கு ஒரு மாதத்தில் எட்டு வந்ததுண்டு, அடுத்த மாதம் ஒன்று. இதை நம்பி வேலையை விடாதீர்கள், கடன் தவணை கட்டாதீர்கள். பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும் இணையக் கட்டணத்துக்கும் பண்டிகைத் துணிக்கும் ஆகும். அந்த அளவில் எடுத்துக்கொள்பவர்கள்தான் வருடக்கணக்கில் தொடர்கிறார்கள்.

மோசடியை அடையாளம் காண

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும்: வீட்டிலிருந்தே வேலை, ஓட்டலுக்கு மதிப்பீடு போட்டால் 150 ரூபாய். முதலில் 150 நிஜமாகவே வரும். பிறகு டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். "பெரிய டாஸ்க், 5,000 கட்டினால் 6,500 திரும்பும்" என்பார்கள். அதுவும் ஒருமுறை வரலாம். அப்புறம் 50,000 கட்டியதும் எல்லாம் மாயமாகிவிடும். நகையை அடகு வைத்துக் கட்டியவர்கள் கண்ணீரோடு என் கடைக்கே வந்திருக்கிறார்கள், புகார் எழுதித் தரச் சொல்லி.

நிஜமான சோதனைத் தளம் உங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்காது. பதிவுக் கட்டணம் இல்லை, பயிற்சிக் கட்டணம் இல்லை, முன்பணம் இல்லை. கேட்டால் அது மோசடி, யோசிக்கவே வேண்டாம். மாட்டிக்கொண்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

உள்ளூரிலேயே செய்யக்கூடியது

ஆங்கிலம் வராதவர்களுக்கும், வெளிநாட்டுச் சோதனைக்குக் காத்திருந்து அலுத்தவர்களுக்கும் இது. மாசி வீதிகளில் எத்தனையோ துணிக்கடைகள் இப்போது இணையதளம் வைத்திருக்கின்றன. சுங்குடிச் சேலை விற்பவர், மசாலாப் பொடி விற்பவர், ஊறுகாய் போடும் மகளிர் குழு, தங்கும் விடுதி. யாரோ ஒருவரிடம் காசு கொடுத்துத் தளம் செய்து வாங்கியிருப்பார்கள். ஆர்டர் ஏன் வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியாது.

நான் ஒரு சேலைக் கடைக்குச் செய்தேன். முதலில் முதலாளியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "உங்க தளத்துல ஒருத்தர் வந்து என்ன பண்ணணும்னு நீங்க ஆசைப்படுறீங்க?" சேலை வாங்க வேண்டும் என்றார். சரி, அதுதான் வேலை. ஐந்து பேரைப் பிடித்தேன்: பக்கத்து வீட்டு மதினி, ஒரு கல்லூரிப் பெண், ஆட்டோ ஓட்டும் நண்பர், ஓய்வு பெற்ற டீச்சர், திருமங்கலத்திலிருந்து வந்திருந்த என் அத்தை. ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து, அவரவர் போனிலேயே, "ஆயிரம் ரூபாய்க்குள்ள சிவப்புச் சேலை ஒண்ணு எடுத்து, பணம் கட்டுற பக்கம் வரைக்கும் போங்க, வாய்விட்டுப் பேசிக்கிட்டே பண்ணுங்க" என்றேன். அவர்களிடம் கேட்டு அனுமதி வாங்கிய பிறகே ஸ்கிரீனைப் பதிவு செய்தேன்.

பக்கத்தில் உட்காருபவர் செய்யக்கூடாத ஒன்று உண்டு: உதவி. அவர்கள் தவறான இடத்தில் அமுக்கும்போது உங்கள் விரல் தானாகவே நீளும். எனக்குக் கடைப் பழக்கத்தில் கை அடங்கவில்லை, தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். "எங்க அமுக்குறது?" என்று கேட்டால், "நான் இல்லேன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?" என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள்.

ஐந்தில் நாலு பேர் ஒரே இடத்தில் நின்றார்கள். வாங்கும் பட்டன் வெளிர் மஞ்சள், பின்னணி வெள்ளை. வெளிச்சத்தில் போனைப் பிடித்தால் பட்டனே தெரியவில்லை. மூன்று பேர் "கார்ட்" (வாங்கும் பொருளைப் போட்டு வைக்கும் கூடை) என்ற சொல்லுக்கும் பணம் கட்டுவதற்கும் சம்பந்தம் தெரியாமல் திரும்பிப் போனார்கள். டீச்சர் பின்கோடு போட்ட பிறகு பக்கம் அழிந்து முதலிலிருந்து தொடங்கியது, அவர் "போதும்ப்பா" என்று போனை வைத்துவிட்டார். அத்தை சேலையின் நீளம் எங்கே போட்டிருக்கிறது, ரவிக்கைத் துணி உண்டா என்று தேடினார், எங்கேயும் இல்லை.

இதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எத்தனை பேர் எங்கே நின்றார்கள், என்ன சொன்னார்கள், எதை முதலில் திருத்தலாம். மூன்று விஷயத்துக்கு மேல் வேண்டாம். இருபது குறையை அடுக்கினால் எதையுமே திருத்த மாட்டார்கள். கூடவே ஒரு நிமிட வீடியோத் துண்டு இரண்டு. அந்த முதலாளி என் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. டீச்சர் போனைக் கீழே வைத்த வீடியோவை மூன்று முறை போட்டுப் பார்த்தார்.

கூலி முதலிலேயே பேசிவிடுங்கள். நான் 2,500 ரூபாய் கேட்டேன், அதில் ஐந்து பேருக்கும் ஆளுக்கு 100 கொடுத்தேன். தளம் திருத்தி ஒரு மாதம் கழித்து, வேறு மூன்று பேரை வைத்து அதே வேலையைச் செய்ய வைத்துப் பாருங்கள். பழைய ஆட்களைக் கூப்பிடாதீர்கள், அவர்களுக்கு இப்போது சுவிட்ச் எங்கே என்று தெரியும்.